கேட்டுக்கு வெளியே ஒரு அசனம்

1

ஊரிலிருந்து யார் போனில் பேசினாலும், சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்த கேள்வி கடலைப் பற்றியதாகத்தான் இருக்கும். வீட்டு வாசலிலேயே கடலாமே, படகெல்லாம் வந்து நிற்குமாமே, வெள்ளைக்காரர்கள் வந்து குளிப்பார்களாமே. எல்லாம் உண்மைதான். மஸ்கட்டுக்கு வெளியே, மொட்டை மலைக்கும் கடலுக்கும் நடுவில், சுற்றிலும் மதில் எழுப்பிய குடியிருப்பு எங்களுடையது. உள்ளே தனிக் கடற்கரை, படகுத்துறை, கோல்ஃப் புல்வெளி, இரண்டு ஹோட்டல். காலையில் டால்பின் பார்க்கப் படகு கிளம்பும். இந்தக் குடியிருப்புக்கு வந்த ஒன்பது வருடத்தில் அந்தப் படகில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்காக. சாக்கோட்டைப் பக்கம் மழைக்காகக் காத்துக் கிடக்கும் கிராமத்தில் பிறந்து, இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் விஷயத்தில் ஆண்டவனுக்கு என்மேல் ஏதோ கணக்கு இருக்கிறது.

என் பெயர் அருளப்பன். இங்கே அது யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் நிற்பதால், வங்கியில், ஆஸ்பத்திரியில், ஆலையில் எல்லா இடத்திலும் நான் மிஸ்டர் சவரிமுத்து. வந்த புதிதில், கூப்பிட்டால் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்துவிடுவேன். முறை தவறிப்போய் மறுபடி டோக்கன் வாங்கியதெல்லாம் உண்டு.

போன வாரம் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து வருடாந்திரப் படிவம் வந்தது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். பதினோராவது கேள்வி: கடந்த ஆண்டில் நீங்களோ உங்கள் விருந்தினர்களோ குடியிருப்பின் விதிகளை மீறியது உண்டா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். ஒரு வாரமாக அந்தக் கேள்வியில் நிற்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

என் மகள் ஸ்டெஃபிக்குப் பதினேழு வயது. இந்த நாட்டிலேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசுவது பாதித் தமிழும் பாதி வேறு எதுவுமாக இருக்கும். கடல் அவளுக்கு வீட்டு முற்றம். போன டிசம்பரில் ஒரு சாயங்காலம் ஆரஞ்சு மிதவைகளைத் தாண்டி நீந்திப் போனாள். திரும்பும்போது இழுப்பில் மாட்டிக்கொண்டாள். உயிர்காப்பு ஆட்களின் வேலை நேரம் முடிந்து நாற்காலி காலியாக இருந்தது. நானும் என் மனைவி ஜெசிந்தாவும் கரையில் நின்று கத்தினோம். எனக்கு நீச்சல் தெரியாது.

மணலை வாரிச் சமப்படுத்திக்கொண்டிருந்த ஒருவர் வாரியைப் போட்டுவிட்டு, பச்சைச் சீருடையோடு குதித்தார். அவர் அவளைக் கரைக்கு இழுத்து வந்தபோது அவளுக்கு நினைவில்லை. குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். ஜெசிந்தா மணலில் முழங்கால் போட்டு, "அந்தோணியாரே, எம்புள்ள கண்ணத் தொறந்துட்டா ஒனக்கு அசனம் போடுறேன்" என்று அலறினாள். ஸ்டெஃபி இருமினாள். தண்ணீர் கக்கினாள். கண்ணைத் திறந்தாள்.

அந்த மனிதர் அலறலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம்மா?" என்றார்.

அவர் பெயர் முருகேசன். கொத்தமங்கலம். "பெரிய பெரிய வீடா இருக்குமே அந்த ஊரா?" என்று கேட்டதற்கு, "எங்க வீடு அதுக்குப் பின்னாடிண்ணே. ஊரணியில நீந்திப் பழகுனது இன்னிக்கு ஒதவிச்சு" என்றார். ஆறு வருடமாக என் சன்னலுக்குக் கீழேதான் மணலை வாரிக்கொண்டிருந்திருக்கிறார். என் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரத்து ஊர்க்காரர். நான் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஒரு நாளைக்கு வீட்டுச் சோறு போடுங்கண்ணே, போதும். மெஸ்ஸுச் சோறு தின்னு நாக்கு செத்துப் போச்சு."

"அசனத்துல நீங்கதான் தம்பி மொத எலை" என்றாள் ஜெசிந்தா.

3

அசனம் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஆக்கிப் போடும் பொதுச்சோறு. கோயில் மணி அடித்ததும் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அழைப்பு கிடையாது, தலை எண்ணுவது கிடையாது. முக்கியமாக, வந்து உட்கார்ந்தவனிடம் பெயர், ஊர், யார் வீட்டு ஆள் என்று கேட்கக் கூடாது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் அதற்கு விடுமுறை.

செல்வராசு அந்தப் பந்தியில் உட்கார்ந்தவன். கண்டரமாணிக்கத்துக்காரன். நிலபுலன் உள்ள குடும்பம். காரைக்குடியில் பள்ளி விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாய் அவனுடையது. எட்டாவது படிக்கும்போது திருவிழாவுக்கு என்னோடு எங்கள் ஊருக்கு வந்தான். பந்தியில் அவனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் யாரென்று எனக்கே தெரியாத ஒரு கூலிக்காரர். என் அப்பா சோற்று வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். புது முகமாயிற்றே, கேட்டுவிடுவாரோ என்று இவன் கைகளைத் தொடைக்குக் கீழே சொருகிக்கொண்டான். அப்பா குனிந்தார், போட்டார், அடுத்த இலைக்குப் போய்விட்டார். இவன் மூன்று முறை சோறு வாங்கினான். கை கழுவும்போது, "எங்க வீட்டுல சொல்லிறாதடா" என்றான். நான் சொல்லவில்லை. அதன்பிறகு பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஒரு வருடம்கூட விடாமல் வந்தான்.

அவனை இந்த நாட்டுக்கு வரவழைத்தவன் நான். எங்கள் ஆலைக்கு உதிரிப் பாகம் கொடுக்கும் கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிட்டேன். வந்த முதல் மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுத்தான். இந்தக் குடியிருப்பில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வீடு வாடகைக்கு வந்தபோது, வா, பேச்சுத் துணைக்காகும் என்று இழுத்து வந்தவனும் நான்தான். நல்ல சாமர்த்தியசாலி. இரண்டு வருடத்தில் குடியிருப்போர் கமிட்டியில் உறுப்பினராகிவிட்டான்.

4

ஜனவரி கடைசியில், தவக்காலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை என்று நாள் பார்த்தோம். வார விடுமுறை என்றால்தான் எல்லோரும் வர முடியும். வெள்ளிக்கிழமை என்பதால் கறி கிடையாது. சோறு, சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம். முருகேசனிடம், "உங்க ரூம்ல உள்ளவங்க, தெரிஞ்சவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியாயிற்று.

அப்போதுதான் வேறொரு படிவம் வந்து நின்றது, விருந்தினர் படிவம். குடியிருப்புக்குள் ஐந்து பேருக்கு மேல் விருந்தினர் வந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், நாடு, அட்டை எண், வண்டி எண், வந்துபோகும் நேரம்.

"அசனத்துக்குப் பேர் எழுதக் கூடாதுங்க" என்றாள் ஜெசிந்தா. "பேர் எழுதுனா அது விருந்து."

"டாட், ஆன்லைன்ல ஃபில் பண்ணா டென் மினிட்ஸ்" என்றாள் ஸ்டெஃபி. "ஜஸ்ட் நேம்ஸ் தானே? நேம் சொல்றதுல என்ன தப்பு?"

அவளுக்கு விளக்க முயன்றேன். எங்கள் ஊரில் பெயர் கேட்பது பெயருக்காக இல்லை என்பதை எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வியர்ட்" என்று சொல்லி எழுந்து போனாள். இப்போது நினைத்தால், பத்து நிமிடம் செலவழித்து நாற்பது பெயரை எழுதியிருக்கலாம். அந்தோணியார் கோபித்திருக்க மாட்டார்.

செல்வராசுவிடம் போனேன். அவன் நெற்றியில் விபூதியோடு பால்கனியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"அசனமா! எத்தன வருசமாச்சுடா!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "பேரெல்லாம் எதுக்குடா எழுதுற? கமிட்டியில நான் எதுக்கு இருக்கேன்? கேட்ல ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். நீ ஒலைய வை."

"நடந்து வருவாங்கடா. கார் கிடையாது."

"பறந்து வரட்டும். நான் பாத்துக்கிறேன்."

5

பன்னிரண்டரைக்கு வரச் சொல்லியிருந்தோம். செல்வராசு பதினோரு மணிக்கே வெள்ளை வேட்டியில் வந்துவிட்டான். பின்பக்கப் புல்வெளியில் பாய் விரித்தான், இலைகளைத் துடைத்தான், ஜெசிந்தாவோடு சேர்ந்து சாம்பார் அண்டாவை இறக்கினான். "அப்பா மாதிரி நீ சோறு போடு, நான் தண்ணி ஊத்துறேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஒரு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. ஒன்றரை ஆயிற்று.

"நம்மாளுக என்னிக்குடா சொன்ன நேரத்துக்கு வந்தாய்ங்க?" என்றான் செல்வராசு. கொஞ்ச நேரம் கழித்து, "லீவு நாளு, தூங்கிருப்பாய்ங்க" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இலையை அடுக்கிக்கொண்டே, "இவிங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் அம்புட்டுத்தான்" என்றான். நானும் தலையை ஆட்டினேன். முருகேசனுக்குப் போன் போடலாமா என்று எடுத்தேன். "கெஞ்சாதடா, வந்தா வரட்டும்" என்றான். போனைக் கீழே வைத்துவிட்டேன். மனத்துக்குள் முருகேசன்மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவம் ஜெசிந்தா விடியற்காலையிலிருந்து நிற்கிறாளே என்று.

இரண்டு மணிக்கு ஸ்டெஃபி வந்தாள். காலையில் தோழி வீட்டுக்குப் போயிருந்தவள், தோழியின் அம்மா காரில் திரும்பியிருந்தாள்.

"டாட், மெயின் கேட்ல நிறையப் பேர் வெயில்ல நிக்கிறாங்க. அந்த அங்கிளும் நிக்கிறாங்க. என்னைக் காப்பாத்துன அங்கிள்."

நான் எழுந்தேன். செல்வராசு எனக்கு முன்னால் எழுந்தான். "நீ இருடா, நான் போய் என்னன்னு பாக்குறேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியம் இல்லை. நானும் நடந்தேன்.

மதில் ஓரத்து ஒட்டு நிழலில் வரிசையாக நின்றிருந்தார்கள். முப்பது, நாற்பது பேர் இருக்கும். எல்லோரும் துவைத்துத் தேய்த்த சட்டை. முருகேசன் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், அதுவும் வெயிலில் கறுத்துப் போயிருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"பன்னெண்டேகாலுக்கு வந்தோம்ணே. உள்ள விட மாட்டேங்கிறாக. எங்கிட்ட உள்ள வேல பாக்குற கார்டு இருக்கு. லீவு நாள்ல அது செல்லாதாம்."

"ஒரு போன் பண்ணக் கூடாதா தம்பி?"

"நீங்க பந்தி வேலையா இருப்பீக. எப்புடியும் தேடி வருவீகன்னு நின்னுட்டோம்ணே."

காவலர் நேபாளத்துக்காரர். நல்ல மனிதர். என்மேல் தப்பில்லை சார் என்று இந்தியில் சொல்லி, தன் போனைத் திருப்பிக் காட்டினார். காலை ஒன்பது மணிக்கு வந்த செய்தி. என் வீட்டு எண்ணைப் போட்டு, அந்த வீட்டு நிகழ்ச்சிக்கு நடந்து வருகிற யாரையும் அனுமதிக்க வேண்டாம், வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம் என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் கமிட்டி உறுப்பினர் செல்வராசு. ஒன்பது மணிக்கு அதை அனுப்பிவிட்டு, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து இலை துடைத்திருக்கிறான்.

அவன் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தான்.

"இங்குட்டு வாடா, தனியாப் பேசுவோம்" என்று கையைப் பிடித்தான். உதறினேன்.

"நாப்பது பேரு கூட்டமா பீச் வழியா நடந்து வந்தா மத்தவுக என்னடா நெனைப்பாக? நம்ம ரெண்டு குடும்பந்தான் இங்க தமிழ்க் குடும்பம். இருக்குற மரியாதையும் போகும். ஒங்கிட்ட சொன்னா நீ கேக்க மாட்ட."

"அதுக்கு?"

"அவிங்க வரலைன்னு நெனச்சுக்குவ, ரெண்டு நாளு வருத்தப்படுவ, விட்டுருவன்னு நெனச்சேன்."

இதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. தடுத்ததைக்கூட மன்னித்திருப்பேன். என் மகளுக்கு உயிர் கொடுத்தவனை நன்றி இல்லாதவன் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று, என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் பாடுபட்டிருக்கிறான். நானும் கிட்டத்தட்ட நினைத்துவிட்டேன்.

"அந்தப் பந்தியில நீ உக்காரலையாடா?" என்றேன்.

"நான் போட்ட விதியா இது? லீவு நாள்ல வேலையாளுக குடியிருக்குறவுக கேட்டு வழியா வரக் கூடாதுன்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பேப்பர் வந்துச்சே. நீயும்தானடா கையெழுத்துப் போட்ட?"

போட்டிருந்தேன். கூட்டம் முடிந்து டீயும் சமோசாவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு, படிக்காமல், வரிசையில் எனக்கு முன்னால் எல்லோரும் போட்டதால் போட்டேன்.

6

வீட்டுக்கு ஓடிப்போய் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "அண்டாவ வண்டியில ஏத்துங்க" என்றாள். கார் டிக்கியில் சோறு, பின்சீட்டில் சாம்பார், மடியில் பாயசம். கேட்டுக்கு வெளியே, மதிலுக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிற மண் நடைபாதையில் பாயை விரித்தோம். சாலையில் போகிற கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே போயின. விதி மீறல் என்று எழுதுவதாக இருந்தால் இதைத்தான் எழுத வேண்டும்.

ஸ்டெஃபி தானாகவே இலை போட வந்தாள். நுனி எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் போட்டுக்கொண்டு போனாள். முதல் இலையில் உட்கார்ந்திருந்த முருகேசன், "பாப்பா, நுனி இடது கைப் பக்கம்" என்று திருப்பிக் காட்டினார். அவள் "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு, வரிசை முழுக்கத் திரும்பப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள். யாரும் சிரிக்கவில்லை. முருகேசன் முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்து, "நம்ம ஊரு சாம்பாரும்மா" என்றார். அவள் அதுவரை அழவில்லை. அப்போது அழுதாள்.

முதல் பந்தி முடிந்து, நின்றிருந்தவர்கள் இரண்டாம் பந்திக்கு உட்கார்ந்தார்கள். பழத்தைப் பங்கு வைத்துக்கொண்டு முருகேசனும் வரிசைக் கடைசியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு இலை காலியாக இருந்தது. செல்வராசு கேட்டைத் தாண்டி வந்தான். யாரையும் பார்க்காமல் நேராக வந்து அந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டுமே என்று பார்க்கவில்லை. முருகேசன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

சோற்று வாளியோடு நான் வரிசையில் வந்துகொண்டிருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். குனிய வேண்டும், போட வேண்டும், போய்விட வேண்டும். அப்பா செய்து பார்த்திருக்கிறேன்.

அவன் இலைக்கு முன்னால் நின்றேன்.

"பேரு?" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பேரு என்ன? எந்த ஊரு? யாரு வீட்டு ஆளு?"

அவன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே சொருகிக்கொண்டான், எட்டாம் வகுப்பில் செய்தது போல.

"செல்வராசு," என்றான். "கண்டரமாணிக்கம். சின்னையா மகன்."

சோற்றைப் போட்டேன். பின்னால் சாம்பாரோடு வந்த ஜெசிந்தா அவனுக்கும் ஊற்றினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான்.

7

அவனோடு நான் இன்னும் பேசவில்லை. படகுத்துறையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேருமே கடலைப் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த மாதமே முருகேசனையும் அவரோடு மணல் வாருகிறவர்களையும் மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு கடற்கரைக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கமான மாற்றல்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. என் சன்னலுக்குக் கீழே இப்போது வேறு ஒருவர் வாருகிறார்.

செல்வராசுவை அவமானப்படுத்தினேன், அவனுக்கு அது வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சாயங்காலம் அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது ஜெசிந்தா முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"நீங்க பந்தியில பேரு கேட்டீக."

"அவன் செஞ்சதுக்கு வேற என்ன செய்யச் சொல்ற?"

"அவுக செஞ்சது அவுகளோட. அசனத்துல நீங்க பேரு கேட்டீக. அது கூடாது. எம்புள்ளைக்காக நான் நேந்துக்கிட்டது இன்னும் அப்படியே நிக்கிது."

"சரி, மறுபடி போடுவோம்."

"போடலாம். முருகேசன் தம்பிக்கு மொத எலை. இந்தாளும் வந்து உக்காருவாரு, வராம இருக்க மாட்டாரு. நீங்க வாயத் தொறக்காம அவருக்குச் சோறு போடணும். ஒங்களால முடியுமா?"

படிவத்தின் பதினோராவது கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அவள் கேட்டதற்கும் சொல்லவில்லை.